2 லட்சம் கி.மீ. தாண்டிய பெட்ரோல் என்ஜின் ஆயில் குடிக்கிறது: கிரேடு மாற்றவா, அடிட்டிவ் ஊற்றவா?

#1 · வெள்ளைசெடான்

எல்லோருக்கும் வணக்கம். என்னுடையது 1.5 லிட்டர் பெட்ரோல் கார், நாலு சிலிண்டர், டர்போ கிடையாது. மீட்டரில் 2,14,000 கி.மீ. ஆகிவிட்டது. வாங்கிய நாளிலிருந்து கையேட்டில் சொன்ன 5டபிள்யூ-30 கிரேடு ஆயில் தவிர வேறு எதுவும் ஊற்றியதில்லை, 10,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றிவிடுவேன். போன வருஷம் வரை ஒரு சர்வீஸிலிருந்து அடுத்த சர்வீஸ் வரை டிப்ஸ்டிக்கில் பெரிதாக இறங்காது. இப்போது 1000 கி.மீ.க்குக் கிட்டத்தட்ட 400 மில்லி குறைகிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் பின்னால் லேசாக நீலப் புகை வருகிறது, கொஞ்ச நேரத்தில் நின்றுவிடுகிறது. வால்வ் கவர் ஓரத்தில் ஈரம் தெரிகிறது, ஆனால் நிறுத்தும் இடத்தில் தரையில் சொட்டு விழுவதில்லை.

மூன்று பேரிடம் காட்டினேன். ஒருவர் 20டபிள்யூ-50 ஊற்று, எல்லாம் நின்றுவிடும் என்கிறார். இன்னொருவர் ஒரு அடிட்டிவ் பாட்டிலைக் கையில் கொடுத்து ஆயிலோடு சேர்த்து ஊற்றச் சொன்னார். மூன்றாமவர் என்ஜினை இறக்கிக் கட்ட வேண்டியதுதான் என்கிறார். வண்டி இழுவையில் ஒரு குறையும் இல்லை, மைலேஜும் அப்படியே இருக்கிறது. யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியவில்லை. இந்த வண்டியை இன்னும் ஐந்து வருஷமாவது வைத்திருக்க ஆசை. தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

#2 · டீசல்காரன்

20டபிள்யூ-50 சொன்னவர் சும்மா சொல்லவில்லை. நான் பழைய டீசல் வண்டி ஓட்டுகிறவன், 4 லட்சம் கி.மீ. தாண்டிய என்ஜின். 15டபிள்யூ-40லிருந்து 20டபிள்யூ-50க்கு மாறினேன், ஆயில் குடிப்பது பாதியாகக் குறைந்தது, சத்தமும் குறைந்தது. தேய்ந்த என்ஜினில் இடைவெளி கூடிவிடும், அந்த இடைவெளியை நிரப்பக் கெட்டி ஆயில் வேண்டும். என் அனுபவம் இது.

#3 · கரிக்கை

வெள்ளைசெடான் தம்பி, எதையும் ஊற்றுவதற்கு முன்னால் ஆயில் எங்கே போகிறது என்று கண்டுபிடி. 25 வருஷமாக என்ஜின் வேலை செய்கிறேன், ஆயில் குடிக்கிறது என்று வரும் வண்டிகளில் முக்கால்வாசிப் பேர் இந்த ஒரு கேள்வியைக் கேட்காமலே பாட்டில் பாட்டிலாக ஊற்றிப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

ஆயில் போவதற்கு இரண்டே வழி. ஒன்று வெளியே கசியும், இல்லாவிட்டால் உள்ளே எரியும். எரிவதற்கு மூன்று வாசல் உண்டு: பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங், வால்வ் தண்டில் ஆயிலைத் தடுக்கும் ரப்பர் சீல், பிசிவி வால்வ் (அது என்னவென்று கீழே சொல்கிறேன்). புகை எப்போது வருகிறது என்பதே பாதி பதிலைச் சொல்லிவிடும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டின் மேல்பக்கம் தங்கிய ஆயில் இறுகிப்போன வால்வ் சீல் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி உட்கார்ந்திருக்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் அது எரிந்து நீலமாக வரும், கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடும். நீ சொல்வது அச்சு அசல் அதுதான். ரிங் போயிருந்தால் மேட்டில் மிதித்து ஏற்றும்போது புகை வரும், விடாமல் வரும். நீண்ட இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை விட்டு இறங்கி, அடியில் வந்து மறுபடி மிதிக்கும்போது ஒரு புகைமூட்டம் வந்தால் அதுவும் வால்வ் கைடு (வால்வ் தண்டு ஏறி இறங்கும் குழாய்), சீல் பக்கம்தான்.

அப்புறம் வால்வ் கவர் ஈரம். அதைக் கேட்டதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது பிசிவி. ரிங்கைத் தாண்டி என்ஜின் அடிப்பக்கத்துக்குக் கசிந்து வரும் வாயுவை, என்ஜின் காற்றை இழுக்கும் இன்டேக்குக்குத் திருப்பி அனுப்புகிற சின்ன வால்வ் அது. அது பிசுக்கேறி அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறும், ஏறின அழுத்தம் கேஸ்கெட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே வரப் பார்க்கும். திறந்தபடியே மாட்டிக்கொண்டாலோ இன்டேக் ஆயில் ஆவியை உறிஞ்சி எரித்துவிடும். கழற்றிக் கையில் வைத்துக் குலுக்கிப் பார். உள்ளே இருக்கும் சின்ன பிளஞ்சர் டக் டக் என்று ஆட வேண்டும். சத்தமே இல்லையென்றால் புதுசு போட்டுவிடு. சத்தம் கேட்டாலும் இத்தனை கிலோமீட்டருக்கு மாற்றுவதில் தப்பில்லை, இந்தப் பட்டியலிலேயே செலவு குறைந்த பொருள் அதுதான்.

இன்னொன்று, 400 மில்லி என்று எப்படி அளந்தாய்?

#4 · வெள்ளைசெடான்

அண்ணே, சரியாக அளக்கவில்லை. டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் நடுவில் வந்துவிடுகிறது, அதை வைத்துச் சொன்னேன்.

#5 · கரிக்கை

அப்படியானால் இன்றிலிருந்து அளக்கத் தொடங்கு. சமதரையில், எப்போதும் ஒரே இடத்தில் நிறுத்து. காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் பார், அப்போதுதான் ஆயில் முழுக்க அடித்தொட்டியான சேம்பருக்கு இறங்கியிருக்கும். மேல் கோடு வரை ஊற்றிவிட்டு மீட்டரைக் குறித்துக்கொள். 1000 கி.மீ. ஓடியதும் அதே இடத்தில் மறுபடி மேல் கோடு வரை ஊற்று, எத்தனை மில்லி பிடித்தது என்று அளவுக் குவளையில் பார். இப்போது எடுக்கிற எண்தான் உனக்கு அடிப்படை. இது இல்லாமல் ஆயில் மாற்றினாலும் சரி, அடிட்டிவ் ஊற்றினாலும் சரி, குறைந்ததா கூடியதா என்று உனக்கே தெரியாது. சில கம்பெனிக் கையேடுகளில் 1000 கி.மீ.க்கு அரை லிட்டர் வரை போகலாம் என்றே போட்டிருக்கிறது. அதற்காக நிம்மதியாக இருந்துவிடாதே. போன வருஷம் இறங்காத ஆயில் இந்த வருஷம் இறங்குகிறதென்றால் ஏதோ மாறியிருக்கிறது.

டேஷ்போர்டில் இருக்கும் சிவப்பு ஆயில் விளக்கை நம்பி ஓட்டாதே. பெரும்பாலான வண்டிகளில் அது அழுத்தம் காட்டுகிற விளக்கு, அளவு காட்டுவது இல்லை. அது எரிகிற நேரத்தில் பம்ப் காற்றை இழுக்கத் தொடங்கியிருக்கும், பேரிங் உலர்ந்துகொண்டிருக்கும். ஆயில் குடித்ததால் செத்த என்ஜின் குறைவு தம்பி. குடிக்கிறது என்று தெரிந்தும் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்க்காததால் செத்தவைதான் என்னிடம் வந்தவற்றில் அதிகம்.

#6 · பசைமானி

லூப்ரிகன்ட் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவன் என்ற முறையில் கிரேடு பற்றிக் கொஞ்சம் எழுதுகிறேன், ஏனென்றால் இந்த எண்களைப் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள்.

5டபிள்யூ-30 என்பதில் டபிள்யூ குளிர்காலத்தைக் குறிக்கும். முன்னால் உள்ள எண் குளிரில் ஆயில் எவ்வளவு சுலபமாக நகரும் என்பதைச் சொல்கிறது. 5டபிள்யூ ஆயில் மைனஸ் 35 டிகிரியிலும் பம்ப் இழுக்கும் நிலையில் இருக்க வேண்டும், 15டபிள்யூவுக்கு அது மைனஸ் 25, 20டபிள்யூவுக்கு மைனஸ் 20. பின்னால் உள்ள எண் சூட்டில் உள்ள கனத்தைச் சொல்கிறது. 100 டிகிரியில் 30 கிரேடு 9.3க்குக் குறையாமல் 12.5 சென்டிஸ்டோக்ஸுக்கு (கனத்தை அளக்கும் அலகு) கீழே இருக்க வேண்டும். 40 என்றால் 12.5லிருந்து 16.3 வரை, 50 என்றால் 16.3லிருந்து 21.9 வரை. எஸ்ஏஇ ஜே300 என்ற தரநிலை இது.

இன்னும் முக்கியமானது எச்டிஎச்எஸ் என்கிற அளவு. 150 டிகிரி சூட்டில், வேகமாக உரசும் இரண்டு பரப்புகளுக்கு நடுவே நசுங்கும்போது ஆயில் எவ்வளவு கனத்தோடு நிற்கிறது என்று பார்ப்பது. பேரிங்கைக் காப்பாற்றுவது இதுதான். சென்டிபாய்ஸ் என்ற அலகில் 30 கிரேடுக்கு குறைந்தது 2.9, 5டபிள்யூ-40க்கு 3.5, 15டபிள்யூ-40க்கும் 20டபிள்யூ-50க்கும் 3.7. கவனியுங்கள், 5டபிள்யூ-40லிருந்து 20டபிள்யூ-50க்குப் போனால் குறைந்தபட்ச அளவில் கூடுவது வெறும் 0.2தான். ஆனால் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது கிடைக்கும் ஓட்டத்தில் இழப்பது நிறைய.

டீசல்காரன் சொல்வதும் பொய் இல்லை. பழைய டீசல் என்ஜின், அகலமான இடைவெளி, பெரிய ஆயில் பாதைகள், அதில் கெட்டி ஆயில் நன்றாகவே வேலை செய்யும். வெள்ளைசெடான் வண்டி அப்படிப்பட்டதாகத் தெரியவில்லை. மாறும் வால்வ் டைமிங் (வால்வ் திறக்கும் நேரத்தை ஓட்டத்துக்கேற்ப மாற்றும் அமைப்பு) இருக்கிறதா உங்கள் என்ஜினில்? இருந்தால் அதை நகர்த்துவது ஆயில் அழுத்தம்தான், சின்னச் சின்னத் துளைகளும் வலைகளும் வழியாக ஆயில் போய்வர வேண்டும். டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் பல வண்டிகளில் ஆயில் அழுத்தத்தில்தான் நிற்கிறது. 30 கேட்கும் என்ஜினில் 50 ஊற்றினால் ஆயில் அங்கெல்லாம் தாமதமாகப் போகும், செக் லைட் எரிந்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு படி ஏறலாம், தப்பில்லை. பல கையேடுகளிலேயே 5டபிள்யூ-30ஐ அடுத்து 5டபிள்யூ-40, 10டபிள்யூ-40 என்று வெப்பநிலைப் பட்டியல் போட்டிருப்பார்கள். உங்கள் கையேட்டைப் பாருங்கள்.

#7 · வெள்ளைசெடான்

பார்த்தேன் சார், 5டபிள்யூ-30, 5டபிள்யூ-40 இரண்டும் இருக்கிறது, ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பு) தரக் குறியீடு எஸ்எம் அல்லது அதற்கு மேல் என்று போட்டிருக்கிறது. மாறும் வால்வ் டைமிங்கும் இருக்கிறது. நான் இவ்வளவு நாளும் முதல் வரியை மட்டும் படித்திருக்கிறேன்.

இரண்டு கேள்வி. நான் இப்போது ஊற்றுவது செமி சிந்தெடிக். பழைய வண்டியில் முழு சிந்தெடிக் ஊற்றினால் சீல் எல்லாம் கசியத் தொடங்கிவிடும் என்கிறார்கள், உண்மையா? அப்புறம் அதிக கிலோமீட்டர் ஓடிய வண்டிக்கென்றே தனியாக விற்கும் ஆயில்கள் வெறும் விளம்பரமா?

#8 · பசைமானி

முதல் கேள்வி. அந்தப் பேச்சுக்கு ஒரு காலத்தில் அர்த்தம் இருந்தது. 1970களில் முழு சிந்தெடிக் ஆயில்கள் கார்களுக்கு வந்தபோது, அவற்றின் அடிப்படைத் திரவமான பிஏஓவுக்கு ரப்பரைச் சற்றே சுருங்கச் செய்யும் தன்மை இருந்தது. சீல் சுருங்கினால் கசியும். அதைச் சரிக்கட்ட எஸ்டர் சேர்க்கத் தொடங்கினார்கள், எஸ்டர் ரப்பரை லேசாக உப்பச் செய்யும், இரண்டும் சேர்ந்து சமமாகிவிடும். இன்றைய ஆயில்கள் சீல் ரப்பரோடு ஒத்துப்போகின்றனவா என்று சோதித்த பிறகுதான் தரச் சான்று வாங்குகின்றன. தவிர, இன்று சிந்தெடிக் என்று விற்பதில் பெரும்பகுதி குரூப் 3 எனப்படும், கச்சா எண்ணெயிலிருந்தே ஹைட்ரஜன் கொண்டு நன்றாகச் சுத்திகரித்த எண்ணெய். 1999இல் அமெரிக்காவில் விளம்பரப் புகார்களை விசாரிக்கும் அமைப்பு அதையும் சிந்தெடிக் என்று அழைக்கலாம் என்று சொன்னதிலிருந்து இந்த வழக்கம் பரவிவிட்டது. சில சமயம் பழைய கசடு ஒன்று விரிசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், நல்ல ஆயில் அதைக் கரைத்ததும் கசிவு வெளியே தெரியும். அந்தக் கசிவு ஏற்கெனவே இருந்ததுதான்.

இரண்டாவது கேள்வி. விளம்பரமும் உண்டு, விஷயமும் உண்டு. அதிக கிலோமீட்டர் ஆயிலுக்கென்று ஏபிஐ தனியாக ஒரு தரம் வைக்கவில்லை. டப்பாவில் 75,000 மைல், அதாவது சுமார் 1,20,000 கி.மீ. தாண்டியவற்றுக்கு என்று பொதுவாகப் போடுகிறார்கள். உள்ளே என்ன வித்தியாசம் என்றால், சீலை மிருதுவாக்கும் பொருள் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், கழுவும் பொருட்களும் தேய்மானத் தடுப்பும் சற்றுக் கூட இருக்கும், கனமும் அந்தக் கிரேடின் மேல் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும். 9.5 சென்டிஸ்டோக்ஸ் உள்ளதும் 12 உள்ளதும் 30 கிரேடுதான், ஆனால் ஆயில் குடிக்கும் என்ஜினில் இரண்டும் ஒன்றாக நடந்துகொள்ளாது. சீல் இறுகிக் கசியத் தொடங்கிய வண்டிக்கு இது நியாயமான தேர்வு. பலன் உடனே தெரியாது, இரண்டு மூன்று ஆயில் மாற்றம் வரை பொறுக்க வேண்டும். விரிசல் விட்டு உடைந்த சீலை எந்த ஆயிலும் ஒட்டவைக்காது.

#9 · நீளப்பாதை

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். என் வண்டி 1,80,000 கி.மீ.யில் பின்பக்க மெயின் சீலில் (கிராங்க் தண்டு கியர்பாக்ஸ் பக்கம் வெளியே வரும் இடத்து சீல்) கசிந்தது. அதை மாற்ற வேண்டுமானால் கியர்பாக்ஸை இறக்க வேண்டும், அவ்வளவு செலவு செய்ய அப்போது முடியவில்லை. கசிவு நிறுத்தும் அடிட்டிவ் ஒரு பாட்டில் ஊற்றினேன். ஒரு மாதத்தில் சொட்டு நின்றது, ஒன்றரை வருஷம் ஓட்டினேன். எனவே அடிட்டிவ் எல்லாமே ஏமாற்று என்று எழுதினால் ஒத்துக்கொள்ள மாட்டேன். எனக்கு உதவியது.

#10 · கரிக்கை

நீளப்பாதை சார், எல்லாமே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை, நீங்கள் சொன்னது நடக்கக் கூடியதுதான். கசிவு நிறுத்தி ரப்பரை உப்ப வைக்கும், சூட்டில் இறுகிச் சுருங்கிய சீல் மறுபடி தண்டைப் பிடிக்கும். ஒன்றரை வருஷம் கழித்து என்ன ஆனது என்றும் எழுதுங்கள். ஏனென்றால் அளவுக்கு மேல் ஊற்றியதில் சீல் கொழகொழவென்று ஆகி, கையில் எடுத்தபோது பசை மாதிரி வந்த வண்டிகளையும் நான் திறந்திருக்கிறேன். காலம் வாங்குவதற்கு அது உதவும், அந்தக் காலத்துக்குள் வேலையைத் திட்டமிட வேண்டும்.

#11 · நீளப்பாதை

பிறகு மறுபடி கசிந்தது, அப்போது கிளட்ச் மாற்ற கியர்பாக்ஸை எப்படியும் இறக்க வேண்டியிருந்தது, அதோடு சேர்த்து சீலையும் மாற்றிவிட்டேன். நீங்கள் சொல்வது சரி, காலம்தான் வாங்கினேன். ஆனால் அந்தக் காலம் எனக்கு அன்றைக்குப் பெரிய விஷயம்.

#12 · பசைமானி

அடிட்டிவ் என்ற ஒரே சொல்லில் நாலைந்து வெவ்வேறு பொருட்களைப் போட்டுக் குழப்புகிறோம், அதனால்தான் இந்தச் சண்டை. பிரித்துப் பார்ப்போம்.

ஆயில் என்பதே அடிப்படை எண்ணெயும் அடிட்டிவும் சேர்ந்த கலவை. அழுக்கைக் கழுவும் கால்சியம், மக்னீசியம் சேர்மங்கள், கரியை ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் மிதக்க வைக்கும் பொருள், நுரைத் தடுப்பு, தேய்மானத் தடுப்பு எல்லாம் அளந்து சேர்த்திருக்கிறார்கள். ஆயில் சீக்கிரம் கறுத்துவிட்டது என்று பயப்படுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும், அழுக்கைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பதால்தான் அது கறுக்கிறது. தேய்மானத் தடுப்புக்கு 1940களிலிருந்தே துத்தநாகமும் பாஸ்பரஸும் கலந்த ஒரு சேர்மத்தைப் பயன்படுத்துகிறார்கள். உலோகம் உலோகத்தோடு உரசிச் சூடேறும் இடத்தில் அது கண்ணாடி மாதிரி ஒரு படலத்தை உண்டாக்கும், ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு அளவு தடிமன்தான், ஆனால் வால்வைத் திறக்கும் கேம் தேயாமல் நிற்பது அதனால். பாஸ்பரஸ் எரிந்து வெளியே போனால் புகையைச் சுத்தம் செய்யும் கேடலிடிக் கன்வர்ட்டரை மெல்லக் கெடுக்கும். அதனால்தான் ஏபிஐ எஸ்பி தரத்தில் 20, 30 கிரேடு ஆயில்களில் பாஸ்பரஸ் 600 பிபிஎம்முக்குக் குறையக் கூடாது, 800ஐத் தாண்டவும் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். ஜிங்க், அதாவது துத்தநாக அடிட்டிவ் பாட்டில் வாங்கி மேலே ஊற்றுகிறவர்கள் இந்தக் கணக்கைக் கலைக்கிறார்கள். பழைய காலத்துத் தட்டை டேப்பட் என்ஜின் வைத்திருப்பவருக்கு அதற்கு ஒரு காரணம் இருக்கலாம், வெள்ளைசெடானுக்கு இல்லை.

அடுத்து, தேன் மாதிரி ஊற்றும் கெட்டிப்படுத்தும் பாட்டில்கள். அவை பெரும்பாலும் ஆயிலின் கனத்தை ஏற்றுகின்றன, அதோடு குளிரில் ஓடும் தன்மையைக் கெடுக்கின்றன. கனம்தான் வேண்டுமென்றால் நேராக 40 கிரேடு வாங்கலாமே, அது சோதித்துச் சான்று பெற்ற கலவை.

அப்புறம் உலோகத்தின் மேல் படிந்து காக்கும் என்கிற ரகம். பிடிஎஃப்இ (டெஃப்லான்) கலந்த ஸ்லிக் 50 என்ற பொருளின் விளம்பரங்களுக்கு ஆதாரம் இல்லை என்று அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் 1996இல் வழக்குப் போட்டது, 1997இல் அது உடன்பாட்டில் முடிந்தது. வழக்கமான ஆயில் ஸ்டார்ட் செய்யும்போது என்ஜினைக் காக்காது என்று பயமுறுத்தி விற்றதும் அந்த வழக்கில் இருந்தது. அந்தப் பயம் இன்றைக்கும் வேறு வேறு பாட்டில்களில் விற்கப்படுகிறது என்பதுதான் என் வருத்தம்.

ஏபிஐ முத்திரை டப்பாவில் உள்ள ஆயிலுக்குத்தான். அதில் நீங்கள் எதைக் கலந்தாலும் அந்தக் கலவையை யாரும் சோதித்ததில்லை.

#13 · இருசக்கரம்

குறுக்கே வருவதற்கு மன்னியுங்கள், என் பைக் 90,000 கி.மீ. ஓடியது, இதில் சொன்ன கார் ஆயிலை அதிலும் ஊற்றலாமா?

#14 · கரிக்கை

கூடாது. கியர் பைக்கில் கிளட்ச் அதே ஆயிலில்தான் நனைந்து ஓடுகிறது. உராய்வு குறைக்கும் பொருள் உள்ள கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும், அடிட்டிவ் பாட்டில் ஊற்றினால் இன்னும் மோசம். டப்பாவில் ஜாசோ (ஜப்பானியத் தரக் குறியீடு) எம்ஏ அல்லது எம்ஏ2 போட்டிருக்கிறதா பார். எம்பி என்று போட்டது ஸ்கூட்டருக்கு.

#15 · டீசல்காரன்

பசைமானி சார் எழுதியதைப் படித்தேன், 0.2 கணக்கு எனக்குப் புதிது. என் வண்டிக்கு 20டபிள்யூ-50 சரி, அதில் மாற்றமில்லை, ஆனால் எல்லா வண்டிக்கும் அதையே சொல்லக் கூடாது என்று ஒத்துக்கொள்கிறேன். ஒரு சந்தேகம், ஆயில் மாற்றுவதற்கு முன் ஃப்ளஷ் ஊற்றி உள்ளே கழுவிவிட்டால் கரி பிடித்து ஒட்டிய ரிங் விடுபடும் என்கிறார்களே?

#16 · கரிக்கை

ஃப்ளஷ் பற்றிக் கேட்டது நல்லது, ஒரு வண்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1,60,000 கி.மீ. ஓடிய கார், முன்பு வைத்திருந்தவர் ஆயிலை ஒழுங்காக மாற்றவில்லை. புதிதாக வாங்கியவர் ஆசையாகப் பார்த்துக்கொள்ள நினைத்து, வேறொரு இடத்தில் ஃப்ளஷ் பாட்டிலை ஊற்றிப் பத்து நிமிஷம் ஐட்லிங்கில் விட்டு, வடித்து, நல்ல விலையில் புது ஆயிலும் ஃபில்டரும் போட்டார். மூன்றாம் நாள் சிக்னலில் நிற்கும்போது ஆயில் விளக்கு மினுக்கியது. வண்டியை நகர்த்தாமல் தூக்கிக்கொண்டு வந்தார், அது அவர் செய்த நல்ல காரியம்.

ஆயில் சேம்பரைக் கழற்றினேன். புது ஆயில் மேலே தெளிவாக நிற்கிறது, அடியில் தார் மாதிரி கறுப்பு. ஆயில் பம்ப் உறிஞ்சும் குழாயின் வாயில் ஒரு வலை இருக்கும், உள்ளங்கை அகலம் கூட இல்லாத சின்ன வலை. அதன் மேல் கசடு தோல் போலப் படர்ந்து ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக வருகிறது, அடியில் கம்பி வலை தெரிகிறது. நாலில் மூன்று பங்கு துளை அடைபட்டிருந்தது, மிச்சம் ஒரு பங்கு வழியாகத்தான் அந்த என்ஜின் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. வருஷக் கணக்கில் சுவர்களில் ஒட்டியிருந்த மண்டியை ஃப்ளஷ் கரைக்கவில்லை, பெயர்த்து விட்டது. பெயர்ந்தது எல்லாம் அடியில் வந்து சேர்ந்தது.

அவருக்கு நல்ல நேரம், பேரிங் தப்பியது. அதனால் என் கருத்து இது: சுத்தமான என்ஜினுக்கு ஃப்ளஷ் தேவையில்லை, மண்டி பிடித்த என்ஜினுக்கு ஃப்ளஷ் ஆபத்து. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். தேன் நிறத்தில் ஒரு பூச்சு மட்டும் இருந்தால் கவலை வேண்டாம். கறுப்பாகக் கட்டி தட்டியிருந்தால் நல்ல கழுவும் சக்தியுள்ள ஆயிலை ஊற்றி 3000 கி.மீ.யில் வடித்துவிடுங்கள், ஃபில்டரும் மாற்றுங்கள், மறுபடியும் 3000. மெதுவாகத்தான் போகும், போகட்டும். ரொம்ப மோசம் என்றால் சேம்பரைக் கழற்றி வலையைக் கையால் சுத்தம் செய்வதுதான் முறை.

#17 · வெள்ளைசெடான்

எல்லாவற்றையும் ஒன்றொன்றாகச் செய்துகொண்டு வருகிறேன். மூடியைத் திறந்து பார்த்தேன், தேன் நிறம்தான், கட்டி இல்லை. 1000 கி.மீ. அளந்து ஓட்டினேன், சரியாக 430 மில்லி பிடித்தது.

பிசிவி வால்வைக் கழற்றிக் குலுக்கினேன். ஒரு சத்தமும் இல்லை. ஒரு முனையில் ஊதினால் ஊத முடிந்தது போலவும் முடியாதது போலவும் இருந்தது, உள்ளே பழுப்பு நிறப் பிசின் இறுகியிருந்தது. கடையில் வாங்கிய புது வால்வைக் கையில் எடுத்தபோதே உள்ளே டக் டக் என்று ஆடியது, அப்போதுதான் அண்ணன் சொன்னது புரிந்தது. அதை மாட்டி, வால்வ் கவர் கேஸ்கெட்டும் மாற்றி, ஆயிலை 5டபிள்யூ-40 அதிக கிலோமீட்டர் ரகத்துக்கு மாற்றினேன். மறுபடி 1000 கி.மீ. ஓட்டி அளந்ததில் 240 மில்லி. காலைப் புகை மட்டும் இன்னும் இருக்கிறது.

#18 · கரிக்கை

சபாஷ். பாதி போய்விட்டது பார், என்ஜினை இறக்காமலே. ஆனால் பிசிவி, கேஸ்கெட், ஆயில் மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டாய், எதனால் எவ்வளவு குறைந்தது என்று இனிச் சொல்ல முடியாது. பரவாயில்லை. இப்போது கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) பார்த்துவிடு. என்ஜின் சூடாக இருக்கும்போது, நாலு பிளக்கையும் கழற்றி, பெட்ரோல் சப்ளையை நிறுத்தி, த்ராட்டிலை முழுக்கத் திறந்து ஸ்டார்ட்டரை அடித்துப் பார்க்கச் சொல். பிறகு ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி பார். எண் குபுக்கென்று ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வ் பக்கம். கழற்றிய பிளக்குகளைச் சிலிண்டர் வரிசையில் வைத்து ஃபோட்டோ எடுத்துப் போடு.

#19 · வெள்ளைசெடான்

கம்ப்ரஷன்: 178, 175, 172, 176 பிஎஸ்ஐ. ஆயில் விட்ட பிறகு எல்லாமே ஐந்தாறு பிஎஸ்ஐ மட்டும் ஏறின. பிளக்கில் இரண்டாவதும் மூன்றாவதும் ஒரு பக்கம் மட்டும் கறுப்புப் படிவு, மற்றவை சாதாரண வெளிர் பழுப்பு.

#20 · பசைமானி

நல்ல எண்கள். ஒரு எச்சரிக்கை மட்டும்: கம்ப்ரஷன் சோதனை மேலே உள்ள இரண்டு ரிங்கைத்தான் காட்டும். மூன்றாவதான ஆயில் ரிங் கார்பன் பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தாலும் கம்ப்ரஷன் நன்றாகவே வரும், ஆயில் மட்டும் போய்க்கொண்டிருக்கும். ஆனால் உங்கள் புகை காலையில் மட்டும் வருகிறது, மேட்டில் வரவில்லை, பிளக்கில் படிவு ஒரு பக்கம் மட்டும். எனக்கும் சந்தேகம் வால்வ் சீல்மேல்தான்.

முடிந்தால் அடுத்த முறை வடிக்கும் ஆயிலில் கொஞ்சம் ஆய்வுக்கு அனுப்புங்கள். வடிக்கத் தொடங்கிக் கொஞ்சம் போன பிறகு நடு ஓட்டத்தில் சுத்தமான டப்பாவில் பிடிக்க வேண்டும். சிலிக்கான் கூடியிருந்தால் ஏர் ஃபில்டர் வழியே தூசி போகிறது, சோடியமோ பொட்டாசியமோ கூடியிருந்தால் கூலன்ட் கலக்கிறது, ஈயமும் செம்பும் பேரிங்கைப் பற்றிச் சொல்லும்.

#21 · கரிக்கை

நானும் அதையே சொல்கிறேன், வால்வ் சீல் மாற்று. ஹெட்டை இறக்கத் தேவையில்லை என்று செய்கிறவரிடம் சொல். பிஸ்டனை மேல் நிலைக்குக் கொண்டுவந்து, பிளக் துளை வழியாகக் காற்றழுத்தம் கொடுத்தால் வால்வ் கீழே விழாமல் நிற்கும், ஸ்பிரிங்கைக் கழற்றிச் சீலை மாற்றலாம். சின்ன ரப்பர் தொப்பிதான் அது. பழையதைக் கையில் வாங்கிப் பார், விரலால் அழுத்தினால் பிளாஸ்டிக் போல இருந்தால் ஆயில் போன வழி அதுதான்.

#22 · மலைச்சரிவு

இழையை முழுக்கப் படித்தேன், ரொம்பப் பயனுள்ளது. என் வண்டி நேரடி ஊசியேற்றம் (டைரக்ட் இன்ஜெக்ஷன்) கொண்ட டர்போ பெட்ரோல், 1,30,000 கி.மீ. எனக்கும் இதே அறிவுரைதானா?

#23 · பசைமானி

கிரேடு விஷயத்தில் நீங்கள் கையேட்டைத் தாண்டாதீர்கள். உங்கள் ரக என்ஜினில் குறைந்த வேகத்தில் அழுத்தி மிதிக்கும்போது கலவை முன்கூட்டியே வெடித்துப் பிஸ்டனை உடைக்கும் கோளாறு உண்டு. ஆயிலில் உள்ள கால்சியம் அதைத் தூண்டுகிறது என்று கண்ட பிறகு பல ஆயில்களில் கால்சியத்தைக் குறைத்து மக்னீசியம் சேர்த்தார்கள். 2018இல் வந்த ஏபிஐ எஸ்என் பிளஸ், 2020இல் வந்த எஸ்பி இரண்டும் இதற்கான சோதனையோடு வந்தவை. எனவே எஸ்பிக்குக் குறைந்ததை ஊற்ற வேண்டாம், கழுவும் சக்தி என்று சொல்லும் அடிட்டிவ் எதையும் சேர்க்கவே வேண்டாம்.

#24 · வெள்ளைசெடான்

வால்வ் சீல் 16ம் மாற்றியாகிவிட்டது, ஹெட்டை இறக்கவில்லை. பழைய சீல்களைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். புதிய சீலை விரலால் அழுத்தினால் அமுங்கி மீள்கிறது, பழையது நகம் மாதிரி இருக்கிறது, ஒன்றை வளைத்தபோது இரண்டாக உடைந்தது. இரண்டாவது, மூன்றாவது சிலிண்டர் சீல்கள்தான் மிக மோசம், பிளக்கில் பார்த்த அதே இரண்டு.

3000 கி.மீ. ஓட்டி ஒவ்வொரு ஆயிரத்துக்கும் அளந்தேன்: 90, 80, 85 மில்லி. காலையில் மகன் பின்னால் நின்று பார்த்தான், புகை இல்லை. 5டபிள்யூ-40லேயே தொடர்கிறேன். 10,000க்குப் பதில் இனி 7000 கி.மீ.யில் மாற்றலாம் என்று இருக்கிறேன், சரியா? அப்புறம் டிக்கியில் ஒரு லிட்டர் அதே ஆயில் எப்போதும் இருக்கிறது. அவசரத்துக்கு வேறு கம்பெனி ஆயில் ஊற்ற நேர்ந்தால் கெடுதலா?

#25 · பசைமானி

7000 சரி. வேறு கம்பெனி ஆயில் கலந்தால் உறையாது, பிரியாது, அப்படி ஒன்றோடொன்று கலக்க வேண்டும் என்பதே தரநிலையில் உள்ள நிபந்தனை. கிரேடும் ஏபிஐ எழுத்தும் பொருந்தினால் போதும். குறைந்த ஆயிலோடு ஓட்டுவதைவிட எந்தக் கம்பெனி ஆயில் ஊற்றுவதும் மேல்.

#26 · கரிக்கை

80, 90 இந்த வயசு வண்டிக்கு அருமை தம்பி. ஃபில்டர் வாங்கும்போது, என்ஜினை நிறுத்தினால் ஆயிலைத் திரும்ப வடியவிடாத வால்வ் சிலிக்கானில் செய்ததா என்று கேட்டு வாங்கு. சாதாரண ரப்பர் சீக்கிரம் இறுகிவிடும், அப்புறம் காலையில் இரண்டு மூன்று விநாடி கடகடவென்று சத்தம் வரும். ட்ரெயின் போல்ட் வாஷரையும் ஒவ்வொரு தடவையும் புதுசு போடச் சொல். குறிப்பேட்டில் எழுதுவதை விட்டுவிடாதே, அடுத்த 1000 எண்ணையும் இங்கே போடு.